மாற விடாத மருத்துவக் காப்பீடு



மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 முதல் நம் நாட்டில் இருக்கிறது. பழைய பாலிசியில் கழித்த காத்திருப்புக் காலமும் புதியதில் கணக்கில் சேரும். ஆனால் புதிய நிறுவனம் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம் என்பதை முகவர்கள் எங்களிடம் சொல்லவே இல்லை.

அம்மாவுக்கு வயது 67, சர்க்கரை நோயாளி. 12 ஆண்டுகள் தவறாமல் பிரீமியம் கட்டினோம். தொகை ஏறிக்கொண்டே போனதால், புதுப்பிக்கும் தேதிக்கு 50 நாள் முன்பே வேறொரு நிறுவனத்தில் விண்ணப்பித்தோம். ரத்தப் பரிசோதனை, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மறுபடியும் ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு அம்மா இரண்டு முறை லேபில் காத்திருந்தார். கெடுவுக்கு நான்கு நாள் இருக்கையில், ஒற்றை வரியில் மறுத்துவிட்டார்கள். பாலிசி அறுந்துவிடக் கூடாதே என்று பழைய நிறுவனத்துக்கே கூடுதல் தொகையைக் கட்டினோம்.

இப்படிக் கடைசி நாள்வரை இழுத்தடிக்கும் நிறுவனங்களுக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அபராதம் விதிக்க வேண்டும்.

- ஒரு வாசகி, மதுரை