மரியோவின் முதல் திரை

'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' இன்னும் ஏன் அலுக்கவில்லை என்று கேட்டால், சின்ன வயது ஞாபகம் என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கேசட்டை ஊதி ஊதிச் சொருகிய தலைமுறைக்கு அது பாதி உண்மைதான். ஆனால் ஞாபகம் மட்டுமே காரணம் என்றால், அதே பெட்டியில் ஆடிய மற்ற கேம்களும் இப்படி இழுக்க வேண்டுமே? அவற்றில் பலவற்றை இன்று என்னால் பத்து நிமிடம்கூட ஆட முடியவில்லை. காரணம் கேமுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பார்க்க முதல் கட்டமே போதும்.

1985 செப்டம்பரில் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட கேம் இது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தார்கள். ஆரம்பத்தில் மரியோ இடது ஓரமாக நிற்கிறான், வலப்பக்கம் வெட்டவெளி. எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்வதில்லை. இடப்பக்கம் போனால் திரை நகராது, அவ்வளவுதான். நாலு எட்டு வைத்ததும் மேலே ஒரு கேள்விக்குறிப் பெட்டி மின்னுகிறது, எதிரே கூம்பா என்ற எதிரி முறைத்துக்கொண்டு வருகிறது. மோதினால் சாவு. ஆட்டம் தொடங்கிச் சில விநாடிகள்தானே, மனசு வலிக்காது. அடுத்த முறை குதிக்கிறோம். கூம்பாவின் தலையில் விழுந்தால் அது நசுங்குகிறது, பெட்டியில் முட்டினால் காசு வருகிறது.

அடுத்து வருவது காளான். பார்க்கக் கூம்பா போலவே இருப்பதால் புதியவர் பயந்து ஒதுங்குவார். ஆனால் அது வலப்பக்கம் ஓடி, கீழே விழுந்து, பச்சைக் குழாயில் முட்டி அவரை நோக்கியே திரும்புகிறது. தாண்டிக் குதிக்கலாம் என்றால் தலைக்கு மேல் செங்கல். இடித்துக்கொண்டு காளான் மேலேயே விழுவார். மரியோ பெரியவன் ஆகிவிடுகிறான்! இது தற்செயல் இல்லை, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு என்று மியாமோட்டோவே விளக்கியிருக்கிறார்.

அதே கட்டத்தின் பின்பகுதியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள். நடுவில் இடைவெளி, அடியில் தரை இருக்கிறது. தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் தள்ளி மறுபடியும் அதே போல இரண்டு படிக்கட்டுகள். இந்த முறை நடுவில் பள்ளம். முதலில் ஒத்திகை, பிறகுதான் பரீட்சை. நல்ல வாத்தியார் பாடம் நடத்துகிற வரிசை இது, அதுவும் வாயே திறக்காமல்.

இன்னொரு காரணம் அந்தக் குதி. பட்டனைத் தட்டி விட்டுவிட்டால் சின்னத் தாவல். அழுத்திப் பிடித்தால் உயரம் கூடும். ஓடி வந்து குதித்தால் இன்னும் உயரம். காற்றில் இருக்கும்போதே முன்னும் பின்னும் வளைக்கலாம். ஓட்டத்தில் சட்டென்று திரும்பினால் கால் சறுக்கும். உடம்புக்கு எடை இருப்பது போலத் தோன்றுவதால்தான் பள்ளத்தைத் தாண்டும்போது நாம் ரிமோட்டையும் சேர்த்துத் தூக்குகிறோம். விழுந்தாலும் 'கொஞ்சம் சீக்கிரம் குதிச்சுட்டேன்' என்கிறோமே தவிர மெஷினைத் திட்டுவதில்லை. தப்பு நம்முடையது என்று தெரிந்தால்தானே இன்னொரு தடவை ஆடத் தோன்றும்?

இத்தனையும் 40 கிலோபைட்டுக்குள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதைப்போலப் பல மடங்கு இருக்கும். மேகமும் புதரும் ஒரே படம்தான். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். ஆயிரம் பொருள்களைக் குவிக்க இடம் இல்லாததால், இருக்கிற பொருள் ஒவ்வொன்றுக்கும் தெளிவான ஒரு வேலை கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மொத்தம் 32 கட்டங்கள். எல்லாமே இந்த நேர்மையில் இல்லை. ஏழாவது உலகத்தின் நாலாவது கட்டமான 7-4 கோட்டையில் தப்பான பாதையில் போனால் வந்த வழியே மறுபடி மறுபடி வரும். எது தப்பு, எது சரி என்பதற்கு ஒரு சத்தம்கூடக் கிடையாது. நேரம் மட்டும் கரையும். நான் ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்து போனது அங்கேதான், பள்ளத்தில் விழுந்து அல்ல.