போட்டோவைப் பார்த்து வள்ளி பிடிக்காதீர்கள்

நம்ம பக்கத்துத் திருவிழாக் கமிட்டிக்காரர்களுக்கு, முக்கியமாக அதில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கு இதை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் லைக் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இப்போதே போய்விடலாம், வருத்தமில்லை.

இந்த வருஷம் ஒரு ஊரில் (பெயர் வேண்டாம், படிக்கிறவர்களுக்குத் தெரியும்) வள்ளி திருமணம் நாடகத்துக்கு ஸ்திரீபார்ட் பிடித்த விதத்தை நேரில் உட்கார்ந்து பார்த்தேன். கோயில் வாசல் திண்ணையில் கமிட்டி கூடியிருந்தது. ஏஜென்ட் நாலைந்து பெண் கலைஞர்களின் படங்களை ஒரு தம்பியின் போனுக்கு அனுப்பியிருந்தார். போன் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. "இது வயசாயிருச்சு", "இது கறுப்பு", "இது குண்டு", "இது ஓகே, டான்ஸ் வீடியோ கேளுப்பா". பத்து நிமிஷத்தில் முடிந்தது. வள்ளியாக நடிக்கப் போகிறவர் எப்படிப் பாடுவார் என்று கேட்ட ஒரே ஆள் நான். அதற்கு என்னிடம் படித்த பையன் ஒருவன் சொன்ன பதில்: "சார், பாட்டு மைக் பாத்துக்கும்."

அந்தப் பையனுக்கு ஐந்தாம் வகுப்பில் தமிழ் சொல்லிக் கொடுத்தது நான்தான். அதனால் கோபப்பட எனக்கு உரிமை உண்டு.

விஷயம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஸ்பெஷல் நாடகம் என்று ஏன் பெயர்? அதற்குக் குழு கிடையாது, கம்பெனி கிடையாது, டைரக்டர் கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறொரு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் எல்லோரும் தனித்தனியாகத் தேதி கொடுத்துத் தனித்தனியாக வந்து சேருவார்கள். சில நேரம் ராத்திரி ஒன்பது மணிக்குக் கொட்டகைக்குப் பின்னால்தான் நாரதரும் வள்ளியும் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பத்து மணிக்கு நாடகம், விடியும்போது கல்யாணம். இதை உலகத்தில் வேறு எங்கே செய்கிறார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் என்று சங்கங்கள் இருக்கின்றன. அந்தச் சங்கங்களைச் சுற்றித்தான் இந்தத் தொழில் ஓடுகிறது.

சீசன் என்பது மாசி பங்குனியில் சூடுபிடித்து ஆடியோடு அடங்கிவிடும். அந்தச் சில மாதத்தில் வாங்கும் ராத்திரிச் சம்பளத்தில்தான் வருஷம் முழுக்கச் சோறு, பிள்ளைகளுக்கு ஃபீஸ், வாடகை. ஆகவே ஒரு திண்ணையில் ஒரு போன் சுற்றி வரும் அந்தப் பத்து நிமிஷம் ஒரு குடும்பத்தின் ஐப்பசி கார்த்திகையைத் தீர்மானிக்கிறது. "வயசாயிருச்சு" என்று நீங்கள் தள்ளிவிட்ட அந்த அம்மாவை நான் பல வருஷமாகக் கேட்டிருக்கிறேன். ஐம்பது தாண்டியிருக்கும். நாரதர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் வழியை அடைத்துக்கொண்டு நிற்பார். வள்ளி, பவளக்கொடி, சாவித்திரி, சந்திரமதி, நல்லதங்காள் என்று எந்த நாடகத்தைச் சொன்னாலும் அன்று ராத்திரியே மேடையேறத் தயார். இந்தப் பங்குனியில் அவருக்கு எத்தனை தேதி என்று ஏஜென்டிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் டீயைக் குடித்தார்.

படம் போடுவது புதிது இல்லை என்று சொல்வீர்கள். தெரியும். நோட்டீஸிலும் சங்கக் காலண்டரிலும் நடிகர் படம் போடுவது பழைய வழக்கம்தான். ஆனால் அந்தப் படம் எதற்கு? ஏற்கெனவே கேட்ட குரலுக்கு ஓர் அடையாளம். "போன வருஷம் பக்கத்து ஊரில் நாரதரைத் திணறடித்ததே, அந்தப் பொண்ணு" என்று பேச்சு முதலில் வரும். பெயர் பிறகு வரும். படம் கடைசியாக நோட்டீஸில் ஏறும். இப்போது வரிசை தலைகீழ். படம் முதலில், டான்ஸ் வீடியோ பிறகு, குரல் அன்று ராத்திரி அதிர்ஷ்டம்.

இந்த மேடை எதைக் கேட்டு ஆள் எடுத்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். கொடுமுடியில் 1908இல் பிறந்த ஒரு ஏழைச் சிறுமி ரயிலில் பாடிக்கொண்டு போனாள். பாட்டைக் கேட்டுத்தான் அவளை நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர்தான் கே.பி.சுந்தராம்பாள். 1935இல் வந்த நந்தனார் படத்துக்கு அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கொடுத்தார்கள். அந்தக் காலத்து ஒரு லட்சம். எந்த வேடத்துக்கு? நந்தனார் வேடத்துக்கு, ஆண் வேடத்துக்கு! முகத்தைப் பார்த்தா கொடுத்தார்கள்? மறுபக்கம் டி.கே.சண்முகம். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் சின்னப் பையனாகச் சேர்ந்தவர். பிற்காலத்தில் ஔவையார் கிழவியாக நடித்து, கடைசிவரை ஔவை சண்முகம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சென்னையில் அவர் பெயரில் ரோடே இருக்கிறது. ஓர் ஆண் கிழவியாக நின்றதை ஏற்றுக்கொண்ட ஜனம், ஐம்பது வயது அம்மா வள்ளியாக நின்றால் எழுந்து போய்விடும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

அந்தப் பாலர் சபைகளிலும் அநியாயம் உண்டு, மறைக்கவில்லை. பையன்களுக்குக் குரல் உடையும் வயது வந்தால் பெரிய வேடம் கைநழுவும். அடி, பசி எல்லாம் இருந்தது. ஆனால் அங்கேகூடப் போனது குரலால். தோல் நிறத்தால் போகவில்லை.

சரி, மைக் பாத்துக்கும் என்ற பேச்சுக்கு வருகிறேன். மைக் சத்தத்தைத்தான் பெரிதாக்கும். சுருதியைப் பெரிதாக்காது, அபசுரத்தைத் தாராளமாகப் பெரிதாக்கும். நாரதர் பாடும் சுருதி ஒன்று, வள்ளியின் சுருதி வேறு. ஆர்மோனியக்காரர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் கட்டி இழுக்க வேண்டும். அதைவிட முக்கியம் தர்க்கம். தினைப்புனத்தில் நாரதர் வந்து நின்று கேள்வி போடுவார். இல்லறமா துறவறமா, ஆண் பெரிதா பெண் பெரிதா என்று எங்கே வேண்டுமானாலும் போவார். எழுதி வைத்த வசனம் கொஞ்சம்தான். மிச்சம் அந்த நிமிஷத்தில் வாயில் வருவது. பதில் பாட்டாகவும் வர வேண்டும், வசனமாகவும் வர வேண்டும், முன்வரிசைக் கிழவருக்குப் புரியவும் வேண்டும். இடையில் நாரதர் ஒரு பழைய விருத்தத்தை எடுத்துவிட்டால் அதன் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். எதிராளி யார், அவருக்கு எந்தப் பாடம், எந்தப் பக்கம் பலவீனம் என்பது மேடையில்தான் தெரியும். இந்தத் தேர்வை முப்பது விநாடி வீடியோவில் எப்படி வைப்பீர்கள்?

இன்னொரு பக்கமும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களையும் விடப்போவதில்லை. பட்டணத்தில் படித்த நண்பர்கள், நாடகக் கலை மேல் அக்கறை உள்ளவர்கள், "முறையாகத் தேர்வு வைக்கலாமே சார், நடுவர் குழு, மதிப்பெண், தரச்சான்று" என்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க மார்க் போட்டவன் சொல்கிறேன்: மார்க் போட முடிவதைத்தான் மார்க் போடுவோம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் பேனாவோடு உட்கார்ந்தால், அந்தப் பெண் மனப்பாடம் செய்த ஒரே பாட்டை அழகாகப் பாடிவிட்டுப் போவாள். ராத்திரி இரண்டு மணிக்கு, முன்வரிசையில் பாதிப் பேர் தூங்கும்போது, பின்னால் ஒரு தண்ணி போட்டவன் கத்தும்போது, அவள் என்ன செய்வாள் என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் இருக்காது. இரண்டாவது, அந்தச் சான்றை வாங்க யாருக்குத் தெரியும், யாருக்கு வழி தெரியாது என்பது நமக்குத் தெரியாததா? பதிவு, அட்டை, கையெழுத்து என்று அலைந்து அலைந்து, கடைசியில் பாடத் தெரிந்தவர் வெளியில் நிற்பார்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஏற்கெனவே ஒரு தேர்வு இருக்கிறது. நாடகமே அந்தத் தேர்வு. ஒவ்வொரு ராத்திரியும் புது ஊர், புது எதிராளி. பக்கத்து ஊர்க்காரன் வந்து கேட்டுவிட்டுப் போய் அடுத்த மாசத்துக்குத் தேதி கேட்பான். நாம் செய்ய வேண்டியது அந்தப் பக்கத்து ஊர்க்காரனாக இருப்பது மட்டும்தான்.

அதனால் கேட்பது ஒன்றே ஒன்று. தேதி கொடுப்பதற்கு முன் கமிட்டியில் இரண்டு மூன்று பேர் போய் அவர்கள் நடிப்பை ஒரு ராத்திரி கேட்டுவிட்டு வாருங்கள். செலவு என்ன பெரிய செலவு? பங்குனி சித்திரையில் நம்ம வட்டாரத்தில் டீக்கடைச் சுவரெல்லாம் நோட்டீஸ். பைக்கில் போய்வரும் தூரத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாடகம் நடக்கும். அடுத்த வருஷத்து நாடகத்துக்கு இந்த வருஷமே கேட்டு வைத்துக்கொள்ளலாம். பத்து மணிக்கே போக வேண்டியதில்லை. பபூனும் டான்ஸும் முடிந்து, பன்னிரண்டுக்கு மேல் போங்கள். தர்க்கம் நடக்கும்போது மேடையைப் பார்க்காதீர்கள், ஜனத்தைப் பாருங்கள். யார் எழுந்து போகிறார்கள், யார் தூங்குகிறவரைத் தட்டி எழுப்புகிறார்கள். போனை பைக் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. போகிற ஆள் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தலைக்கட்டு வரியைச் சேலை முந்தானையில் முடிந்து வைத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். விடியும்வரை கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். வள்ளி யார் என்று முடிவு செய்யும் திண்ணையில் மட்டும் அவர்களைக் காணோம்.

"புதுப்பிள்ளைகளுக்கு வாய்ப்பு வேண்டாமா சார்?" வேண்டும், கட்டாயம் வேண்டும். இன்றைக்கு வருகிற இளம் பெண்களில் நல்ல சாரீரம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நீங்கள் முதலில் கெடுக்கிறீர்கள். முன்பு ஒரு பெண் வாத்தியாரிடம் பாடம் கேட்டு, ஆர்மோனியக்காரர் வீட்டில் உட்கார்ந்து சுருதி சேர்த்து, மூத்தவர்கள் ஆடுவதைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்து, பிறகுதான் மேடைக்கு வருவாள். இப்போது முகம் நன்றாக இருந்தால் ஒரே சீசனில் கை நிறையத் தேதி. பாடம் கேட்க நேரமில்லை. தர்க்கத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு சினிமாப் பாட்டு. கைதட்டு கிடைக்கிறது. நாலு வருஷம் கழித்து இன்னொரு புது முகம் வந்ததும் அந்தப் பெண்ணின் போன் அடிக்காது, கையில் பாடமும் இருக்காது. இரண்டு நாள் நாடகம் போடும் ஊர்கள், முதல் நாள் தேர்ந்த கலைஞர், மறுநாள் புதியவர் என்று வைக்கலாமே. புதியவர் முதல் நாளே வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். அந்த ராத்திரிக்கும் ஒரு சின்னத் தொகை கொடுங்கள். வாணவேடிக்கைக்குச் செலவழிப்பதில் அது எத்தனை சரவெடி?

இன்னும் ஒன்று. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், மனசு கேட்கவில்லை. "முழு உருவப் போட்டோ அனுப்பு", "கொஞ்சம் மாடர்னா ஒரு வீடியோ அனுப்பு" என்று ஒரு பெண் கலைஞருக்குக் கமிட்டி என்ற பெயரில் ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் போடுகிறவர் யாரப்பா? அவர்களுக்கு எல்லா ஊரிலும் இது நடக்கிறது. தேதி போய்விடும் என்று வாய் திறப்பதில்லை. உன் அக்கா டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் போட்டால் அவளிடம் இப்படிக் கேட்பார்களா? கேட்டால் நீ சும்மா இருப்பாயா? நாடகக்காரி என்றால் கேட்கலாம் என்ற நினைப்பு நம் தாத்தா காலத்து அழுக்கு. போன்தான் புதுசு. பேசுவது ஏஜென்ட் மூலமாகட்டும், இல்லையென்றால் கமிட்டித் தலைவர் பகலில் பேசட்டும்.

கமெண்ட்டில் யாராவது "மக்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்" என்று எழுதுவீர்கள். மக்களிடம் எப்போது கேட்டீர்கள்? திண்ணையில் இருந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பதும் ஆண்கள், மூன்று பேர் நாடகத்தன்று பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டவர்கள். நான் விடியும்வரை இருந்தேன், தலையை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

தை மாசம் கமிட்டி மறுபடி கூடும்போது இதையே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுக்கப் போகிறேன். அன்றைக்கே தலைக்கட்டு வரியையும் கட்டி ரசீது வாங்கிவிடுவேன். ஆகவே "வரி கட்டாதவர் பேசுகிறார்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.