விமானியின் தவறா, கோப்புகளின் தாமதமா?

இந்திய விமானப்படையில் 62 ஆண்டுகள் சேவையிலிருந்த மிக்-21 போர் விமானம் 2025 செப்டெம்பர் 26 ஆம் திகதி சண்டிகார் விமானப்படைத் தளத்தில் விடைபெற்றது. 1963 இல் அவ்விமானத்தைக் கொண்ட முதலாவது படையணி அமைக்கப்பட்டதும் அதே சண்டிகாரில்தான். 1971 டிசெம்பரில் டாக்காவிலிருந்த ஆளுநர் மாளிகையைத் தாக்கி, கிழக்குப் பாகிஸ்தான் நிருவாகத்தின் முடிவை விரைவுபடுத்திய பெருமை இவ்விமானத்துக்கு உண்டு. விடைபெறும் வைபவத்தில் புகழுரைகளுக்குக் குறைவிருக்கவில்லை. ஆனால், புகழுரைகளுக்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருக்கின்றது.

2012 மே மாதத்தில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோனி அக்கணக்கைப் பாராளுமன்றத்தில் வெளியிட்டார். இந்தியா வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விமானங்கள் அவ்வாண்டு ஏப்ரல் வரையிலான காலத்தில் விபத்துகளில் அழிந்திருந்தன. 171 விமானிகளும் 39 பொதுமக்களும் உயிரிழந்திருந்தனர். பகைவனின் குண்டுக்குப் பலியானவர்கள் அல்லர் இவர்கள். தமது நாட்டின் வானிலே, பெரும்பாலும் சமாதான காலத்திலே, பயிற்சிக்காகவும் வழமையான பறப்புக்காகவும் புறப்பட்டுச் சென்றவர்கள். அவர்களுள் பலர் முப்பது வயதைக் கூட எட்டாதவர்கள்.

இத்தனை உயிரிழப்புக்கும் பொறுப்பு யாருடையது? "பறக்கும் சவப்பெட்டி" என்று விமானத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு ஒதுங்குவது பத்திரிகைகளுக்கு இலகுவாயிருந்தது. "மனிதத் தவறு" என்று எழுதிக் கோப்பை மூடுவது அதிகாரிகளுக்கு இலகுவாயிருந்தது. இவ்விரு விளக்கங்களும் உண்மையின் பெரும்பகுதியை மறைத்துவிட்டன என்பதே எமது கருத்தாகும்.

ஓர் இளைஞன் போர் விமானியாவது எவ்வாறு என்பதை முதலில் நோக்க வேண்டும். கடக்வாஸ்லாவிலுள்ள தேசிய பாதுகாப்புக் கல்லூரி வழியாகவோ, பட்டப்படிப்பின் பின் நடைபெறும் நுழைவுப் பரீட்சை வழியாகவோ வரும் விண்ணப்பதாரி, தேர்வுச் சபையின் முன் பல நாட்கள் சோதிக்கப்படுகிறான். விமானம் ஓட்டும் இயல்பான ஆற்றல் உண்டா என்பதை அறியும் சோதனைக்கு வாழ்நாளில் ஒரு தடவை மாத்திரமே தோற்றலாம். அதில் தவறியவனுக்கு விமானி இருக்கை மறுபடி கிட்டாது. அதனைத் தாண்டினாலும் மருத்துவப் பரிசோதனை காத்திருக்கிறது.

இவ்வாசலின் இறுக்கத்தை விளக்க இராமேசுவரத்து இளைஞர் ஒருவரின் அனுபவமே போதுமானது. 1958 இல் டேராடூனில் நடைபெற்ற விமானப்படைத் தேர்வில் 25 பேருள் ஒன்பதாவதாக வந்தார் ஏ.பி.ஜே.அப்துல் கலாம். தெரிவு செய்யப்பட்டவர்களோ எண்மர். ஓரிடத்தால் விமானியாகும் வாய்ப்பை இழந்த அவர் பின்னர் ஏவுகணை விஞ்ஞானியாகி நாட்டின் ஜனாதிபதியுமானார். 2006 ஜூனில், தமது 74 ஆவது வயதில், புனேயில் சுகோய்-30 போர் விமானத்தில் ஏறிப் பறந்தார். எமது வாசகர்கள் பலர் அறிந்த இக்கதைக்கு அதிகம் அறியப்படாத ஒரு பக்கமும் உண்டு. 1990 களில் போர் விமான விபத்துகளை ஆராய்வதற்கு அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கி 1997 இல் அறிக்கை சமர்ப்பித்தவரும் அதே கலாம்தான்.

தெரிவானவர்கள் ஐதராபாத்தை அடுத்த துண்டிக்கல்லிலுள்ள விமானப்படைக் கல்லூரிக்குச் செல்கின்றனர். சிறிய பயிற்சி விமானத்தில் தொடங்கி, வேகமும் சிக்கலும் கூடிய விமானங்களுக்குப் படிப்படியாக ஏறுவதே உலகெங்குமுள்ள முறை. அவர்களுக்குக் கற்பிக்கும் பயிற்றுநர்களை உருவாக்கும் கல்லூரி சென்னையை அடுத்த தாம்பரத்தில் இயங்குகின்றது. ஏணியில் ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே இம்முறையின் அடிப்படை. இந்தியாவில் பல ஆண்டுகளாக இல்லாமலிருந்தது அந்த நடுப்படியே.

கிரண் என்ற மெதுவான பயிற்சி ஜெட் விமானத்தில் பழகிய இளைஞன், அடுத்து அமர்த்தப்பட்டது மிக்-21 விமானத்திலாகும். ஒலியின் வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தை எட்டக்கூடிய இடைமறிப்பு விமானம் அது. தரையிறங்கும்போதே மணிக்கு ஏறத்தாழ 340 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபாதையைத் தொடும். அனுபவசாலியின் கையில் அது கூர்மையான ஆயுதம் என்பதில் ஐயமில்லை. ஆயின், அது வகுப்பறையாக அமைக்கப்பட்டதன்று. அதனை வகுப்பறையாக்கியது விமானத்தை வடிவமைத்த சோவியத் பொறியியலாளருமல்லர், அதில் ஏறிய மாணவனுமல்லன்.

இக்குறைபாடு அறியப்படாததும் அன்று. 1982 இலேயே எயார் மார்ஷல் டெனிஸ் லா ஃபொன்டேன் தலைமையிலான குழு, உயர்நிலைப் பயிற்சி ஜெட் விமானம் அவசியம் எனப் பரிந்துரைத்தது. அவரே 1985 இல் விமானப்படைத் தளபதியுமானார். எனினும் பரிந்துரை பரிந்துரையாகவே இருந்தது. 1986 இல் தேஸ்பூரில் மிக் விமானங்களைக் கொண்டே ஒரு பயிற்சிப் பிரிவு அமைக்கப்பட்டது. தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாயிற்று. பிரித்தானியாவின் ஹோக் பயிற்சி விமானங்கள் 66 ஐப் பெறுவதற்கான ஒப்பந்தம் கைச்சாத்தானது 2004 மார்ச்சில். பீதர் தளத்தில் அவை சேவையில் இணைந்தது 2008 இல். பரிந்துரைக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையில் 22 ஆண்டுகள் கழிந்தன. 1982 இல் பிறந்த குழந்தை வளர்ந்து விமானியாகும் காலம் அது.

தாமதத்துக்குக் காரணங்கள் பல கூறப்பட்டன. விலை பற்றிய பேச்சுவார்த்தைகள் இழுபட்டன. அரசாங்கங்கள் மாறின. போபர்ஸ் பீரங்கிக் கொள்வனவு தொடர்பாக 1987 இல் எழுந்த ஊழல் குற்றச்சாட்டின் பின், ஆயுதக் கொள்வனவுக் கோப்பில் கைச்சாத்திடுவதற்கு டில்லியில் பலர் தயங்கினர். 1991 இல் சோவியத் யூனியன் சிதைந்தபோது உதிரிப்பாகங்களின் வரவும் தடுமாறியது. ஒவ்வொரு காரணத்திலும் ஓரளவு நியாயம் இருக்கக்கூடும். ஆனால் தாமதித்த எவரும் விமானத்தில் ஏறவில்லை. கோப்பு மேசையில் காத்திருந்தது. ஓடுபாதை காத்திருக்கவில்லை.

விபத்து நிகழ்ந்ததும் விசாரணை நடைபெறும். அறிக்கையில் "மனிதத் தவறு" என்ற சொல் இடம்பெறும். அம்மனிதன் பெரும்பாலும் இறந்துபோன விமானியாகவே இருப்பான். தன் பக்கத்தை எடுத்துரைக்க அவனுக்கு வாயில்லை. 2001 செப்டெம்பரில் சூரத்கரில் இரவுப் பறப்புக்குப் புறப்பட்ட மிக்-21 விழுந்து நொறுங்கியதில் பிளைட் லெப்டினன்ட் அபிஜித் காட்கில் உயிரிழந்தார். பழி மகன் மீது சுமத்தப்பட்டதை ஏற்க மறுத்த அவரது தாயார் கவிதா காட்கில், பல ஆண்டுகள் பகிரங்கமாகக் குரல் எழுப்பினார். மிக் விபத்தொன்றை மையமாகக் கொண்ட "ரங் தே பசந்தி" திரைப்படம் 2006 ஜனவரியில் வெளிவருமுன், அன்றைய பாதுகாப்பு அமைச்சர் பிரணாப் முகர்ஜிக்கும் படைத் தளபதிகளுக்கும் அது காண்பிக்கப்பட வேண்டியிருந்தது. ஒரு திரைப்படத்தைக் கண்டு அமைச்சு அசௌகரியப்பட்டதென்றால், காரணத்தை ஊகிப்பது கடினமன்று.

"மனிதத் தவறு" என்ற சொல்லின் எல்லையை அண்மைய உதாரணம் ஒன்றும் காட்டுகின்றது. 2021 டிசெம்பர் 8 ஆம் திகதி சூலூரிலிருந்து புறப்பட்ட ஹெலிகொப்டர் நீலகிரியில் குன்னூருக்கு அருகே வீழ்ந்ததில், முப்படைகளின் தலைமை அதிகாரி ஜெனரல் பிபின் ராவத் உட்பட அதிலிருந்த 14 பேரும் உயிரிழந்தனர். வானிலை எதிர்பாராது மாறியதால் மேகத்துள் புகுந்த விமானி திசையுணர்வு தடுமாறியதே காரணம் என்றும், அலட்சியம் காரணமன்று என்றும் 2022 ஜனவரியில் விசாரணை முடிவு தெரிவித்தது. ஆனால் 2024 டிசெம்பரில் பாராளுமன்றக் குழுவின் அறிக்கையிலுள்ள அட்டவணையில் அவ்விபத்து "மனிதத் தவறு" என்ற இரு சொற்களுக்குள் அடங்கிவிட்டது. மேகமும் மலையும் அட்டவணையில் இடம்பெறவில்லை.

விமானப்படைத் தளங்களில் வாழும் குடும்பங்களுக்கு இச்சொற்கள் வெறும் சொற்களல்ல. அவர்கள் தனிச் சமூகமாகவே வாழ்பவர்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை இடமாற்றம். பிள்ளைகளுக்குப் புதிய பாடசாலை. மனைவியின் தொழில் பல சமயம் இடைநடுவில் நின்றுவிடும். காலையில் விமானம் மேலெழும் ஒலியும், திரும்பி வந்து இறங்கும் ஒலியுமே அவர்களது நாளின் கடிகாரம். இறங்க வேண்டியது இறங்காதபோது எந்த வீட்டின் கதவு தட்டப்படும் என்ற அச்சம் குடியிருப்பு முழுவதற்கும் பொதுவானது. துக்கம் முடியுமுன்னரே எஞ்சியவர்கள் மறுபடி பறக்க வேண்டும். இது கல்நெஞ்சமன்று, அத்தொழிலின் நியதி. அத்தகைய சமூகத்தில் ஒருவனின் திறமையே அவனது மானம். இறந்தவன் மீது தவறு என்று எழுதப்படுகையில், குடும்பம் அவனை இரண்டாவது தடவையாக இழக்கின்றது.

அப்படியிருந்தும் அச்சமூகம் தன் பிள்ளைகளை மீண்டும் வானுக்கே அனுப்புகின்றது. 2019 பெப்ரவரி 27 ஆம் திகதி மிக்-21 விமானத்தில் சென்று பாகிஸ்தானில் சிறைப்பட்டு, மார்ச் 1 ஆம் திகதி திரும்பி வந்த அபிநந்தன் வர்த்தமான் தமிழகத்தைச் சேர்ந்தவர். அவரது தந்தையாரும் எயார் மார்ஷல் பதவி வரை உயர்ந்த விமானி. 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் இந்தியாவின் முதல் பெண் போர் விமானிகளாயினர். 2018 பெப்ரவரியில் அவனி தன்னந்தனியாக மிக்-21 விமானத்தைச் செலுத்தித் திரும்பினார். அவருக்கு இடைப்படியாக ஹோக் பயிற்சி கிடைத்திருந்தது. அவருக்கு முன் சென்ற தலைமுறையினருக்கு அது கிடைக்கவில்லை. வேறுபாடு வீரத்தில் இல்லை, படிக்கட்டில் இருந்தது.

எண்களும் இதையே உணர்த்துகின்றன. 2000 முதல் 2005 வரை 10,000 பறப்பு மணித்தியாலங்களுக்கு 0.93 ஆக இருந்த விபத்து வீதம், 2020 முதல் 2024 வரையிலான காலத்தில் 0.20 ஆகக் குறைந்தது. பழைய விமானங்கள் ஓய்வு பெற்றமை, பராமரிப்புச் சீர்பட்டமை ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. போர் விமானம் ஓட்டுவது ஆபத்தான தொழில் என்பதையும், எத்துணைப் பயிற்சியளித்தாலும் சில விபத்துகள் தவிர்க்க முடியாதவை என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும், தவிர்க்கக் கூடியவை எத்தனை இருந்தன என்பதை இவ்வீழ்ச்சி சொல்லாமற் சொல்கின்றது.

மிக்-21 போய்விட்டது, பழைய பழக்கமும் அதனோடு போய்விட்டதா? 2009 ஜூலையில் ஒரு விபத்தில் இருவர் இறந்தபின், ஆரம்பப் பயிற்சிக்கான எச்.பி.டி-32 விமானங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. சுவிற்சர்லாந்தின் பிலாற்றஸ் விமானங்கள் பயிற்சிக்கு வந்தது 2013 இல். 2024 டிசெம்பரில் வெளியான கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை, 2015 இல் 486 ஆக இருந்த விமானிகள் பற்றாக்குறை 2021 முடிவில் 596 ஆக உயர்ந்ததைச் சுட்டிக்காட்டியது. உள்நாட்டுத் தயாரிப்பான எச்.டி.டி-40 பயிற்சி விமானங்கள் 70 இற்கான ஒப்பந்தம் 2023 மார்ச்சில் கைச்சாத்தானபோதும், இயந்திரங்களின் வரவு தாமதித்தமையால் அதுவும் பிந்தியது. 1979 இல் சேவைக்கு வந்த ஜகுவார் ரக விமானங்கள் 2025 இல் ஏப்ரலிலும் ஜூலையிலும் விழுந்தபோது மூன்று விமானிகள் மாண்டனர். படையணிகள் 42 இருக்க வேண்டிய இடத்தில் மிக்-21 விடைபெற்றதும் எஞ்சியவை 29. எண்ணிக்கையை நிரப்பும் அவசரத்தில் மீண்டும் பயிற்சிதான் பலியாகிவிடுமோ என்ற ஐயம் நியாயமானதே.

போர் விமானங்களின் இரைச்சல் கேட்டதும் பதுங்கு குழியைத் தேடி ஓடிய தலைமுறையொன்று எமது வாசகர்களிடையே இருக்கின்றது. போர் விமானியின் துயரைப் பற்றி எம்மிடம் பேசுவதா என்று அவர்கள் கேட்பார்களாயின், அக்கேள்வியில் நியாயமில்லை என்று கூற மாட்டோம். விமானத்தின் கீழே நின்றவர்களின் இழப்பை மேலே இருந்தவர்களின் இழப்பு ஈடு செய்துவிடாது. ஆயினும் ஆயுதத்துக்குச் செலவிடத் தயங்காத அரசு, அதனைக் கையில் எடுக்கும் இளைஞனைப் பயிற்றுவிப்பதில் காட்டும் அலட்சியம், மனித உயிரை அது எவ்வாறு மதிக்கின்றது என்பதற்கான அளவுகோலாகும். மிக் விபத்துகளில் மாண்ட 39 பொதுமக்களும் அவ்வலட்சியத்தின் கீழே நின்றவர்கள்தாம்.

ஆகவே, செய்ய வேண்டியது தெளிவு. விபத்து விசாரணைகளின் முடிவுகள், இராணுவ இரகசியங்கள் நீக்கப்பட்ட பின்னராவது, இறந்தவரின் குடும்பத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் முழுமையாகக் கிடைக்க வேண்டும். "மனிதத் தவறு" என்று எழுதும் ஒவ்வொரு அறிக்கையும், அம்மனிதனுக்கு எத்தனை மணித்தியாலப் பயிற்சி அளிக்கப்பட்டது, எவ்விமானத்தில் அளிக்கப்பட்டது, பரிந்துரைக்கப்பட்ட சாதனம் ஏன் வரவில்லை என்பவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். கொள்வனவுக் கோப்பைத் தாமதித்தவர்களும் மனிதர்களே. அவர்களது தவறும் மனிதத் தவறுதான். அதனை எந்த அட்டவணையும் இதுவரை கணக்கில் எடுக்கவில்லை.