தீபாவளிச் சீட்டு இருக்கட்டும்... ஒரு தோட்டச் சீட்டு போடலாமா?

வாசகிகளே, தீபாவளிச் சீட்டு இல்லாத தெரு நம்ம ஊர்ப்பக்கம் உண்டா? வாரா வாரம் ஐம்பதோ நூறோ கட்டிக்கிட்டே வந்தால், ஐப்பசியில் கை நிறைய இனிப்பு, எண்ணெய், மளிகை, பட்டாசு! வெம்பாக்கம், செய்யாறு, ஆரணி வட்டாரத்து நெசவுக் குடும்பங்களுக்கு இது பரம்பரைப் பழக்கம் மாதிரி. 2022-ல் செய்யாறில் சீட்டுப் பணம் முடங்கி, கட்டியவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு தெருவுக்கு வந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

சீட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சேர்ந்து சேமிக்கிற அந்த நல்ல குணத்தில் கொஞ்சத்தை உடம்புக்காகத் திருப்பலாமே என்பதுதான் என் கட்சி. தெருவுக்கு ஒரு தோட்டக் குழு, அதற்கு ஒரு சின்னச் சீட்டு. பண்டிகைக்குப் பண்டிகை ஒரு விற்பனை. வருகிற பணம் நம்ம பிள்ளைகள் சாப்பிடுகிற இடத்துக்கு.

"தோட்டச் சங்கமெல்லாம் பங்களாக்காரங்க சமாச்சாரம்" என்பீர்கள். ஆரம்பம் அப்படித்தான். சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-லேயே வந்துவிட்டது. ஊட்டி மலர்க்கண்காட்சி 1896-ல் தொடங்கியது. இரண்டுமே வெள்ளைக்காரர்கள் காலத்து விஷயம். அமெரிக்காவில் இன்றைக்கும் ஊருக்கு ஊர் தோட்டச் சங்கம் உண்டு. கிறிஸ்துமஸ் வந்தால் பெண்கள் கூடி உட்கார்ந்து பச்சை இலை வளையம் கட்டி விற்பார்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்கோ பூங்காவுக்கோ செடி வைப்பார்கள். அவர்களுடைய ரோஜா நமக்கு வேண்டாம். அந்த வழிமுறையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நமக்கு ஏன் அவசியம்?

தறியில் உட்காருகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மதியமாகிவிடும். வீட்டுக்குள்ளேயே வேலை, வெயில் முகத்தில் படுவதே அபூர்வம். முகூர்த்த ஆர்டர், தீபாவளி ஆர்டர் என்று நெருக்கினால், சோறும் ரசமும் ஊறுகாயுமாக ஒரு வாரம் ஓடிவிடும். "என்னமோ தலை சுத்துது", "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது" என்றால் வேலை அசதி என்று விட்டுவிடுகிறோம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம்! வீட்டுக்கு வீடு எண்ணினால் பாதிக்கு மேல்.

கீரை மட்டும் தின்றால் ரத்தசோகை பறந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 கிராம் முருங்கைக் கீரையில் இருப்பது சுமார் நாலரை மில்லிகிராம்தான், அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே (கர்ப்பிணி என்றால் 11-க்குக் கீழே) இருந்தால் டாக்டர் கொடுக்கிற மாத்திரையைச் சாப்பிட்டே ஆகணும். ஆனால் மாத்திரை தீர்ந்த பிறகும் தினசரி தட்டில் இருக்கப்போவது கீரையும் காயும்தானே? கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள், இரும்புச்சத்து நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

பண்டிகைக்கு ஒரு பயிர்

நெசவாளி வீட்டுக்குத் தோட்டம் ஒத்துவராது, நேரம் இல்லை என்பது பொதுவாக வருகிற ஆட்சேபம். காலண்டரைப் பாருங்கள். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற பழமொழி நமக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். ஆடியில் அவரை, புடலை, பீர்க்கை ஊன்றிவிட்டால், தீபாவளி ஆர்டர் நெருக்குகிற நேரத்தில் கொடி தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். வேலை, காலையில் ஒரு குடம் தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் ஊற்றெடுத்து வேலை நின்றுபோகும் வீடுகள் உண்டு. அந்த நாட்களில் தோட்டம் கை கொடுக்கும்.

விற்பனைக்கும் பண்டிகையே வழி காட்டும். நவராத்திரிக்குக் கொலுவில் பார்க் வைக்கக் கேழ்வரகும் கடுகும் முளை போடுவோமே, அதையே சின்னத் தட்டுகளில் வளர்த்து விற்கலாம். வெற்றிலை பாக்குடன் பிளாஸ்டிக் டப்பா கொடுப்பதற்குப் பதில் ஒரு கீரை விதைப் பொட்டலம் கொடுக்கலாம். தீபாவளிக்குக் கற்பூரவல்லி, துளசி நாற்று. ஆவணியில் பூசணி விதைத்தால் மார்கழிக் கோலத்துக்குப் பூ. பிஞ்சில்லாத ஆண் பூவை மட்டும் பறித்தால் காய்க்கு நஷ்டமே இல்லை. வைகாசியில் பழைய அரிசிச் சாக்கில் மஞ்சள் கிழங்கு ஊன்றுங்கள், தைப் பொங்கலுக்கு மஞ்சள் கொத்து தயார். கடைத்தெருவில் நாம் காசு கொடுத்து வாங்குகிற சாமான்தானே இதெல்லாம்?

ஒரு கணக்குப் போடுவோம். இருபது குடும்பம், வாரம் இருபது ரூபாய். ஆடியிலிருந்து தை வரை இருபத்தைந்து வாரம். பத்தாயிரம் ரூபாய்! விற்பனை வரவு தனி.

பணம் எதற்கு?

இங்கேதான் நான் பிடிவாதமாகச் சொல்வேன். அந்தப் பணத்தில் சேலை எடுக்க வேண்டாம், விருந்து வைக்க வேண்டாம். நேரே உங்கள் தெரு அங்கன்வாடிக்குப் போங்கள். விதை கேட்டால் நாலு பேர் கொடுப்பார்கள். முளைத்த கீரையை ஆடும் கோழியும் மேய்ந்துவிட்டுப் போவதுதான் நிஜமான தொல்லை. பல இடங்களில் தோட்டம் ஒரே மாதத்தில் செத்துப்போவது வேலி இல்லாமல்தான். ஆகவே முதல் வருஷப் பணம் வேலிக்கு. இரண்டாம் வருஷம் தண்ணீர்க் குழாய்க்கு. சிறுகீரை இருபத்தைந்து, முப்பது நாளில் பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். ஒரு முருங்கைப் போத்து நட்டால் வருஷக்கணக்கில் இலை. உங்கள் பேரன் பேத்தி தட்டில் விழப்போகிற கீரை அது. இதைவிட நல்ல வட்டி எந்தச் சீட்டில் கிடைக்கும்?

ஒருமுறை சூடு பட்டவர்கள் நாம். அதனால் கணக்கு திறந்தபடி இருக்கட்டும். முகம் தெரிந்த தெருக்காரர்கள் மட்டும் சேருங்கள். பணம் இரண்டு பேர் கையெழுத்தில் அஞ்சலகக் கணக்கிலோ வங்கியிலோ இருக்கட்டும். மாதம் ஒருமுறை வரவு செலவை எழுதி எல்லோரும் பார்க்கிற சுவரில் ஒட்டுங்கள். "இரட்டிப்பாத் தர்றோம்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மறக்கக் கூடாத மூன்று

ஒன்று, சாயம் போட்ட தண்ணீரையும், பட்டு நூல் அவித்த சோப்பு, சோடாத் தண்ணீரையும் கீரைக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். அரிசி, காய் கழுவிய தண்ணீர் போதும்.

இரண்டு, மண்ணில் இறங்கும்போது செருப்பு கட்டாயம். கொக்கிப்புழு பாதத்துத் தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது. போய் ரத்தத்தை உறிஞ்சும். ரத்தம் ஊற வேண்டும் என்று கீரை வளர்த்துவிட்டு, வெறுங்காலால் ரத்தத்தைத் தோற்பதா?

மூன்று, தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் தேங்கினால் அது டெங்கு கொசுவுக்குத் தொட்டில். வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்து விடுங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பாவு ஓடவும் தறி பூட்டவும் தெரிந்த கைக்கு வேலி கட்டுவது பெரிய வித்தையா? பெண்கள்தானே செய்யட்டும் என்று திண்ணையில் உட்காராமல் நாலு மூங்கிலைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

பலகாரப் பை தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் காலியாகிவிடும். அங்கன்வாடி வேலிக்குள்ளே நிற்கிற முருங்கை அடுத்த தீபாவளிக்கும் துளிர்க்கும். அடுத்த சீட்டு போடும்போது இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்க தெருவில் முதலில் யாரைக் கூப்பிடப் போறீங்க?