பிள்ளையார் மட்டும்தான் தெரிஞ்சார்

என்ன மக்களே, கடைசி பேப்பர் முடிஞ்சு பெட்டியைக் கட்டியாச்சா? ரிசல்ட் வரும் வரைக்கும் நீங்கதான் ராஜா. வந்த பிறகு கதை வேற. இந்த இடைவெளியில் மத்தியானம் 12 மணிக்கு எழுந்து, அம்மாகிட்ட திட்டு வாங்கி, செல்லோடு மல்லுக்கட்டுவதுதான் உங்க திட்டம்னு தெரியும். அதிலிருந்து தினமும் அரை மணி நேரம் மட்டும் கேட்கிறேன்.

உங்க வீட்லயோ எதிர் வீட்லயோ மூணாவது, நாலாவது படிக்கிற வாண்டு ஒண்ணு கட்டாயம் இருக்கும். அதுக்கு வாசிக்கத் தெரியுமா? 'தெரியாமலா இத்தனை வகுப்பு தாண்டியிருக்கும்?'னு கேட்காதீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

போன வருஷம் லீவுக்கு வந்திருந்த அக்கா பையன் அஞ்சாவது போகப்போறவன். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்ததும் பாடத்தைக் கடகடன்னு வாசிச்சான். எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம் யாரோ கொண்டுவந்த கல்யாணப் பத்திரிகையை நீட்டி, "மாப்பிள்ளை பேர் என்னடா?"ன்னேன். ரொம்ப நேரம் மேலே இருந்த பிள்ளையார் படத்தையே பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம் மெதுவா, "நீங்களே சொல்லுங்க மாமா"ன்னான்.

காலையில் வாசிச்சது அத்தனையும் மனப்பாடம்! எழுத்து தெரியுது, சேர்த்துப் படிக்க வரலை. நாலு வருஷமா வகுப்பில் யாருக்கும் தெரியாம எப்படிச் சமாளிச்சான், தினமும் எவ்வளவு பயந்திருப்பான்னு யோசிச்சேன். அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை.

இதைக் கண்டுபிடிக்க பெரிய பரீட்சை எல்லாம் வேண்டாம். 'பிரதம்' தொண்டு நிறுவனம் 2005-ல் தொடங்கிய 'அசர்' கணக்கெடுப்பில், வீடு வீடாகப் போய் ஒவ்வொரு குழந்தையாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார்கள். கொஞ்சம் எழுத்துகள், சில சொற்கள், எளிய பத்தி ஒன்று, குட்டிக் கதை ஒன்று. கதைகூட ரெண்டாம் வகுப்பு அளவுதான். நீங்களே ஒரு தாளில் எழுதிக்கலாம். எந்த வகுப்புங்கறதை மறந்துட்டு, எந்தப் படியில் நிற்குதோ அங்கிருந்து ஆரம்பிங்க.

நம்ம ஆள் தடுக்கி விழுந்தது 'கொ', 'கோ'வில். முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி ஒரு கால், நடுவில் எழுத்து. மூணையும் ஒரே சத்தமா சொல்லணும்னா அவனுக்குப் புரியலை. 'கொடி'யை 'கெ... கா... டி'ன்னு பிச்சுப்பிச்சுப் படிச்சான். பாடப் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன், அதுதான் மனப்பாடமாச்சே! பஸ் போர்டு, சினிமா போஸ்டர், மளிகை லிஸ்ட்னு பார்த்ததை எல்லாம் படிக்க வெச்சேன். 'கோவை' போர்டு போட்ட பஸ்ஸைக் கண்டா துரத்தவே ஆரம்பிச்சுட்டான்.

கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல். (கடன் வாங்குறதுல நாம புலியாச்சே!) ஸ்லேட்டில் போட்டா முழிக்கிறவனுக்கு நிஜக் காசைக் கொடுங்க. கையில் 52 ரூபாய்: பத்து ரூபாய் நோட்டு அஞ்சு, ஒரு ரூபாய் காசு ரெண்டு. 27 ரூபாய்க்கு முறுக்கு. ஏழு ரூபாய்க்குச் சில்லறை இல்லையே? ஒரு நோட்டை மாத்து. இப்போ காசு 12, அதில் ஏழு போனா அஞ்சு. நோட்டு நாலில் ரெண்டு போனா ரெண்டு. மீதி 25. முறுக்கு உடனே கொடுக்கணும், கடன் சொல்லக்கூடாது!

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில், 1982-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளைப் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். பள்ளி நடக்கும்போது ஏழை, வசதியான குழந்தைகள் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் முன்னேறியிருக்காங்க. கோடை விடுமுறையில்தான் இடைவெளி கூடியதாம். அந்தக் கணக்கு சரியான்னு பின்னாடி வந்தவங்க சண்டை போட்டிருக்காங்க, அது தனிக்கதை. ஆனா வீட்டில் புத்தகமும் கூட உட்கார ஆளும் இல்லாத குழந்தைக்கு ரெண்டு மாசம் எப்படிப் போகும்னு தெரிஞ்சுக்க பால்டிமோர் வரை போகணுமா என்ன?

ஒரே ஒரு கண்டிஷன். சொந்தக்காரங்க முன்னாடி 'படிச்சுக் காட்டு'ன்னு நிறுத்தி வைக்காதீங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீங்க. அரை மணி ஆச்சா, விளையாட விட்டுடுங்க. நம்ம அரியர் பேப்பரை யாராவது தெருவில் படிச்சா நமக்கு எப்படி இருக்கும்?

உங்க ஊர் கிளை நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும்னு தெரியுமா? தெரியாதுன்னா நாளைக்கு வாண்டையும் கூட்டிக்கிட்டுப் போங்க. வாசலில் போர்டு இருக்கும். நீங்க படிக்காதீங்க, அவனே படிச்சுச் சொல்லட்டும்.