பழைய பாட்டுக்குப் பழைய கருவி

கருவியை மாற்றினால் பாட்டின் முகமும் மாறும். இவ்வுண்மையை ஐரோப்பியர் உணர்ந்து செயல்பட்ட விதம் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

செருமானிய இசைமேதை பாக் (1685-1750) தேவாலய வழிபாட்டிற்கென எழுதிய பாடல்கள் ஏராளம். அவர் மறைந்தபின் கருவிகள் மாறின. வயலினில் நரம்பிருந்த இடத்தில் உலோகக் கம்பி வந்தது. மரக் குழல் உலோகக் குழலாயிற்று. சிறு குழுவினர் பாடியதைப் பெருங்கூட்டம் பாடலாயிற்று. ஒலி பெருத்தது, சொல் அமுங்கியது. 1953இல் வியன்னாவில் நிக்கோலஸ் ஹார்னோன்கூர் என்பார் தம் துணைவியாரோடும் நண்பர்களோடும் ஒரு குழு கண்டார். பழைய கருவிகளைத் தேடிப்பிடித்து, நான்காண்டு பயின்று, அதன் பின்னரே மேடையேறினர். 1971 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் உழைத்து, லியோன்ஹார்ட் என்பாரின் குழுவோடு சேர்ந்து, பாக்கின் தேவாலயப் பாடல்கள் ஏறக்குறைய 200ஐ இசைத்தட்டில் பதித்தனர்.

நம் நிலை என்ன? எங்கள் காத்திவாக்கத்திற்குத் தெற்கே சில கல் தொலைவில் இருப்பது திருவொற்றியூர். தேவார மூவரும் பாடிய தலம். சம்பந்தர் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் உடன் யாழ் வாசித்தார் என்கிறது பெரியபுராணம். அந்த யாழ் பின்னர் வழக்கொழிந்தது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தினான். ஐம்பதின்மருக்கும் நாள்தோறும் ஆளுக்கு முக்குறுணி நெல் எனக் கல்வெட்டு கூறுகிறது. பாடுவோருக்கு எவ்வளவோ, உடுக்கை அடிப்பவருக்கும் அவ்வளவே!

இன்றோ பல கோயில்களில் பூசை வேளையில் ஒலிப்பது மின்சார முரசு. பொத்தானை அழுத்தினால் மணியும் மேளமும் தாமே முழங்குகின்றன. ஆலைகளின் இரைச்சலிலே வளர்ந்தவர்கள் நாங்கள். சன்னிதியிலும் எந்திரந்தானா எங்களுக்கு? எந்திரத்திற்கு நெல் அளக்க வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால், மிச்சப்பட்டது ஒரு கலைஞனின் சோறு அன்றோ?

“காலம் மாறினால் கருவியும் மாறத்தானே வேண்டும்? இது பழமை மோகம்” என்று சிலர் கூறலாம். மாறட்டும், யார் வேண்டாம் என்றது? ஆயினும், முன்னோர் கேட்ட ஒலியை ஒருமுறையேனும் கேட்டறிந்த பிறகன்றோ எது சிறந்தது என்று தீர்ப்புக் கூற முடியும்? கேளாமலே தள்ளுவது அறிவுடைமை ஆகாது.

வழியும் இல்லாமல் இல்லை. ஈழத்து அறிஞர் விபுலானந்த அடிகள் பழந்தமிழ் இசையிலக்கணத்தை ஆராய்ந்து எழுதிய ‘யாழ்நூல்’ 1947இல் வெளிவந்தது. அண்மைக்காலத்தில் சென்னை இளைஞர் சிலர் யாழைச் செய்து வாசிக்கவும் தொடங்கியுள்ளனர். உடுக்கையோ நம்மைவிட்டு அகலவே இல்லை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது இன்றும் அதன் ஒலி கேட்கிறது.

பண்ணறிந்த ஓதுவார், யாழ் மீட்டும் இளைஞர், நம் தெருவில் உடுக்கை அடிக்கும் பெரியவர் - இவர்களை ஒரே மேடையில் அமர்த்திக் கல்லூரி முத்தமிழ் விழாவில் ஒரு பதிகம் பாடச் செய்யலாகாதா? ஒலிபெருக்கி இல்லாமலே கேட்போம். அந்தப் பெரியவருக்கும் ஓதுவாருக்கும் ஒரே அளவு சன்மானம் வழங்குவோம். இராசராசன் செய்ததை மாணவர்களாகிய நம்மால் ஒருநாளேனும் செய்ய முடியாதா, தோழர்களே?