சான்று கேட்போரும் சான்றற்றோரும்

கணினி நிரலாளர் பதவிக்கு விண்ணப்பிக்கும் இளைஞரிடம் இன்று பட்டச் சான்றிதழ் மட்டும் கேட்கப்படுவதில்லை. ஓய்வு நேரத்தில், சொந்த விருப்பின்பேரில் ஆக்கிய நிரல்கள் எங்கே என்றும் கேட்கப்படுகின்றது. ஆர்வத்தை அளக்கும் நடுநிலையான கோல் இதுவென்பர். உண்மையில் இக்கோல் ஓய்வையும் தனியறையையும் சொந்தக் கணினியையுமே அளக்கின்றது.

மொனராகலையின் இறப்பர்த் தோட்டத்திலோ பசறையின் தேயிலைத் தோட்டத்திலோ லயக் காம்பிரா ஒன்றில் வளர்ந்த மாணவருக்கு இம்மூன்றும் எங்கிருந்து வரும்? கணினியறை பூட்டப்படுவதோடு அவரது பயிற்சியும் முடிகின்றது. விடுமுறையிற் கொழும்புக் கடையில் நின்று தங்கையின் படிப்புக்குப் பணம் அனுப்புபவரின் உழைப்பு எந்தத் திறன் கோவையிலும் ஏறுவதில்லை.

இல்லாத சான்றைக் கேட்டு விலக்கும் வழக்கம் மலையகத்துக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. அச்சட்டமும் எவரையும் இனப்பெயர் சொல்லி விலக்கவில்லை, சான்றைத்தான் கேட்டது. (ஒப்புமை மிகையெனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். நாடற்றவராக்குவதும் வேலையற்றவராக்குவதும் ஒன்றல்லதான், தர்க்கம் ஒன்றே.)

இனி, 'சொந்த ஆக்கம்' என்னும் இம்மோகத்துக்குத் தொழிலளவிலேனும் நியாயமுண்டா? இலங்கையர் ஆக்கி உலகறிந்த 'சஹானா' மென்பொருள் எவருடைய சொந்த ஆக்கம்? 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்வதற்குத் தொண்டர் பலர் கூடி எழுதியது அது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதை அதற்கே வழங்கியது. இத்தகைய பொது நிரலொன்றில் ஒருவர் சிறு வழுவைத் திருத்தினாலும் அப்பணி பெயருடனும் திகதியுடனும் எவரும் காணப் பதிவாகின்றது. இரவற் கணினியில் இரண்டு மணி நேரம் கிடைத்தாலும் செய்யத்தக்க பணி அது. ஒன்றுமில்லையென்று மனமுடைந்து, பயிற்சிப் பாடங்களைப் பெயர்மாற்றித் தம் ஆக்கமாகக் காட்டும் மாணவர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆயினும் அந்த இரண்டு மணி நேரமும் எல்லோர்க்கும் கிட்டாது. ஆகவே பொறுப்பு வேலை கொடுப்போரையே சாரும். ஊதியத்துக்குச் செய்யும் நிரலாக்கத்திற் பெரும்பங்கு பிறர் எழுதியதைப் படித்துத் திருத்துவதே. பழுதான நிரலொன்றை நேர்முகத் தேர்விற் கொடுத்துத் திருத்தச் சொல்லட்டும். திருத்திய காரணத்தைக் கேட்கட்டும். பல்கலைக்கழகங்களும் மாணவரின் பாடநெறி நிரல்களைப் புள்ளியிட்டபின் அலுமாரியிற் பூட்டிவைக்காது, அவரவர் பங்கைக் குறித்துப் பொதுவில் வெளியிடல் வேண்டும். பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலிருந்தே இதனைத் தொடங்கலாம்.